கட்-ஆஃப் என்னும் எண்ணைப் படிக்கக் கற்போம்



மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தது முதல் கலந்தாய்வு முடியும் வரை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அதிகம் காதில் விழும் சொல் ‘கட்-ஆஃப்’. “காக்கா, 188 இருக்கு, கிண்டி கிடைக்குமா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். “பக்கத்து வீட்டுப் பையன் போன வருசம் இதைவிடக் குறைச்சலா வாங்கி நல்ல காலேஜ்ல சேர்ந்தான். எம் மகனுக்கு மட்டும் ஏன் இல்லைங்கிறாங்க?” என்று உம்மாமார் கேட்கிறார்கள். இதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட முடியாது. அதனால் இந்த மாதக் கல்விப் பாடத்தை அந்த எண்ணுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்பதைக் காட்டும் எண்தான் கட்-ஆஃப். அந்த நெருக்கம் நம் கண்ணுக்குத் தெரிவது ஜூன் மாதத்தில். ஆனால் நம் பிள்ளை அந்த வரிசையில் எங்கே நிற்பான் என்பது ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. குடும்பத்தின் கவனமும் ஊரின் உதவியும் அந்த வயதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கிண்டிக்கு ஏன் இவ்வளவு போட்டி?

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் உருவானது. அதன் வேர் அதைவிடப் பழையது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859-இல் பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு இடம் மாறிய கல்லூரிதான் அதன் மூத்த கல்லூரி. 1944-இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவை அதனோடு சேர்ந்தன. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஆனாலும் தரவரிசையில் முன்னால் நிற்பவர்கள் முதலில் கைவைப்பது இந்த வளாகங்களில்தான். தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு, படிப்பின் தரம் நல்லது, வேலை கொடுக்கும் நிறுவனங்கள் வளாகத்துக்கே தேடி வருகின்றன. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைத்தால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

எண் எப்படி உண்டாகிறது?

தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கணக்கிட்டார்கள். 2006-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அந்தத் தேர்வு நீங்கியது. அதன் பிறகு பொறியியலுக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலில் பாதியாக 50, வேதியியலில் பாதியாக 50, ஆக மொத்தம் 200.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளை கணிதத்தில் 98, இயற்பியலில் 92, வேதியியலில் 90 எடுக்கிறான். மூன்றையும் கூட்டினால் 280. அவனுடைய கட்-ஆஃப் 98 + 46 + 45 = 189. இன்னொரு பிள்ளை கணிதத்தில் 90, இயற்பியலில் 98, வேதியியலில் 98 எடுக்கிறான். கூட்டினால் 286. ஆனால் அவனுடைய கட்-ஆஃப் 90 + 49 + 49 = 188. ஆறு மதிப்பெண் அதிகம் எடுத்தவன் வரிசையில் பின்னால் நிற்கிறான். கணிதத்தில் ஒரு மதிப்பெண் மற்ற இரண்டில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். கட்-ஆஃப் சமமாக நின்றாலும் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணைத்தான். “எம் பிள்ளைக்குக் கணக்கு மட்டும் கொஞ்சம் வராது” என்று ஏழாம் வகுப்பில் நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை, பத்தாண்டுகூடப் போகாமல் தரவரிசைப் பட்டியலில் வந்து நிற்கும்.

ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது?

2023-இல் 200-க்கு 200 கட்-ஆஃப் பெற்றவர்கள் 102 பேர். 2024-இல் அது 65 ஆகக் குறைந்தது. 2025-இல் 144 ஆக உயர்ந்தது. ஒரே ஆண்டில் பிள்ளைகளின் அறிவு இருமடங்காகிவிட்டதா? இல்லை. வினாத்தாளைப் பாருங்கள். 2024-இல் வேதியியலில் 100-க்கு 100 எடுத்தவர்கள் தமிழ்நாடு முழுவதிலும் 471 பேர். 2025-இல் 3,181 பேர். கணிதத்தில் 2023-இல் 690 பேராக இருந்த நூற்றுக்கு நூறு, 2025-இல் 3,022 பேராக ஆனது. வினாத்தாள் எளிதானால் எல்லார் மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறுகிறது. இடங்கள் அதே எண்ணிக்கையில் இருப்பதால் கட்-ஆஃபும் கூடவே ஏறுகிறது. கடலில் நீர் உயர்ந்தால் எல்லாத் தோணியும் சேர்ந்துதான் உயரும்.

ஆகவே போன ஆண்டு கட்-ஆஃபை இந்த ஆண்டு மதிப்பெண்ணோடு நேராக ஒப்பிடுவது சரிவராது. ஒப்பிட வேண்டியது தரவரிசை எண்ணை. போன ஆண்டு நாம் விரும்பும் கல்லூரியில், நாம் விரும்பும் பிரிவில், நம் வகுப்பினருக்கான கடைசி இடம் எந்தத் தரவரிசை எண்ணோடு முடிந்தது என்று பார்த்தால் ஓரளவு சரியான மதிப்பீடு கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பையன் கதைக்கும் விடை இதுதான். அவன் மதிப்பெண் குறைவாக இருந்திருக்கலாம், ஆனால் அந்த ஆண்டு வரிசையில் அவன் முன்னால் நின்றிருப்பான்.

இன்னொரு காரணம் பிரிவு. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று எல்லாரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். கிண்டி கணினி அறிவியலின் கட்-ஆஃபைப் பார்த்துவிட்டு, “அண்ணா யுனிவர்சிட்டி நமக்கு எட்டாது” என்று சொல்பவர்கள், அதே வளாகத்தில் சிவில், சுரங்கவியல், அச்சுத் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள் எந்த எண்ணில் முடிகின்றன என்று பார்ப்பதே இல்லை.

இது நம் மாநிலத்தில் மட்டும் நடப்பதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2021-இல் பல கல்லூரிகள் சில பாடங்களுக்கு 100 சதவீதம் என்றே கட்-ஆஃப் அறிவித்தன. அடுத்த ஆண்டே அந்த முறையைக் கைவிட்டு, நாடு முழுவதற்குமான ‘க்யூட்’ நுழைவுத் தேர்வுக்கு மாறினார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 54,008 பேர் விண்ணப்பித்து, 1,937 பேருக்கு அனுமதி கிடைத்தது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அங்கும் விண்ணப்பிப்பது எளிதாகி, ஒரே மாணவர் பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போடுவதால் கூட்டம் பெருத்துத் தெரிகிறது. நம் பிள்ளைகளும் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, மீன்வளம் என்று எல்லாவற்றுக்கும் மனுப் போடுகிறார்கள். மனுக்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைத்துப் போக வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

3.5 சதவீதம் எவ்வளவு தூரம் வரும்?

2007-இல் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியே ஒதுக்கியது. நம் பகுதியில் வாழும் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் குடும்பங்கள் இதன் கீழ் வருகின்றன. இதனால் பயன்பெற்ற பிள்ளைகள் ஏராளம். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இதன் அளவையும் தெரிந்திருக்க வேண்டும். 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் 3.5 சதவீதம் என்பது இரண்டு இடம். அந்த இரண்டு இடத்துக்கு கிண்டியை விரும்பும் தமிழ்நாட்டு முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் போட்டியிடுகிறார்கள். அதே பிரிவில் பொதுப் போட்டிக்கு 31 சதவீதம், அதாவது ஏறக்குறைய 18 இடங்கள் இருக்கின்றன. அவை எந்த வகுப்பினருக்கும் உரியவை, நமக்கும் சேர்த்துத்தான். மதிப்பெண் போதுமானால் நம் பிள்ளைக்குப் பொதுப் போட்டியில் இடம் கிடைக்கும். அப்போது நம் ஒதுக்கீட்டு இடம் இன்னொரு முஸ்லிம் பிள்ளைக்குப் போகும். “நமக்கு கோட்டா இருக்குல்ல” என்று ஓய்ந்து உட்காரும் பிள்ளை, இரண்டு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு 18 இடத்தைக் காணாமல் விடுகிறான்.

7.5 சதவீதமும் நாம் சேர்க்கும் பள்ளியும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவச் சேர்க்கையிலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு வந்தது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதன் வழியாகப் பொறியியல் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

நம் சமுதாயத்தில் பலர் கவனிக்காத இடம் இதுதான். அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் சேரா. நம் பிள்ளைகளில் பலர் சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிகள் நம் முன்னோர் பாடுபட்டு எழுப்பியவை, தீனும் ஒழுக்கமும் சேர்த்துக் கற்பிப்பவை. அவற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடியும்போது பள்ளி மாற்றுவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் குடும்பம் இந்தக் கணக்கையும் அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு, “எங்க ஸ்கூலும் கவர்மெண்ட் ஸ்கூல் மாதிரிதானே” என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

மதரஸாவில் குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நானும் மதரஸாவில் ஓதி, பிறகு கல்லூரிக்குப் போனவன்தான். ஓதுவதால் படிப்பு கெடாது. ஆனால் எந்த ஆண்டு எந்த வகுப்பு எந்தப் பள்ளியில் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பள்ளிப் பதிவு இடையில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு.

சான்றிதழால் விழுபவர்கள்

2025-இல் பொறியியல் கலந்தாய்வுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். தரவரிசைப் பட்டியலில் வந்தவர்கள் சுமார் 2.4 லட்சம் பேர். இடையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்டாமலோ சான்றிதழ் பதிவேற்றாமலோ விட்டவர்கள். சிலர் வேறு படிப்புக்குப் போயிருப்பார்கள். ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் மனு தேங்கியதால் தவறவிட்டவர்களும் அதில் இருப்பார்கள் என்பது நம் அனுபவத்தில் தெரிந்ததே.

ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்கிக்கொள்வோம். மாநிலக் கலந்தாய்வுக்குத் தேவை, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று குறிப்பிட்ட நிரந்தரச் சாதிச் சான்றிதழ். ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள், மருத்துவத்தில் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு ஆகியவற்றில் முஸ்லிம்களுக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டில்தான் நாம் கேட்க முடியும். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், ‘வளமான பிரிவினர் அல்லர்’ என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். அது அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலச் சான்றிதழைக் காட்டினால் அங்கே ஏற்கமாட்டார்கள். மத்தியப் பட்டியலில் தம் பிரிவின் பெயர் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரியவை. ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதாததால் மட்டுமே அந்தப் பாதியை நம் பிள்ளைகளில் பலர் கனவிலும் நினைப்பதில்லை.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரியானால் அதற்கான சான்றிதழ், 6 முதல் 12 வரை படித்த பள்ளிகளின் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பத்தாம் வகுப்பிலேயே சரிபாருங்கள். ‘முகம்மது’, ‘முஹம்மது’, ‘மொஹமத்’ என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் எழுதிவைத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கையெழுத்துக்கும் ஆவணத்துக்கும் காத்திருந்தே வாரங்கள் போய்விடுகின்றன.

பதினொன்றாம் வகுப்பில் மூடும் கதவுகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், பள்ளி வராந்தாவில் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. எந்தக் குரூப்? கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தால் பொறியியல், மருத்துவம் இரண்டு கதவும் திறந்திருக்கும். தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப் எடுத்தால் கணிதம் இல்லாததால் பொறியியல் கதவு மூடும். கணிதத்தோடு கணினி அறிவியல் எடுத்தால் மருத்துவக் கதவு மூடும். வணிகவியல் எடுத்தால் இரண்டும் மூடும், ஆனால் பட்டயக் கணக்காளர் படிப்பு, சட்டம் போன்ற நல்ல வழிகள் திறக்கும். எந்த முடிவும் தாழ்ந்ததில்லை. எந்தக் கதவு மூடுகிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு அறிவிக்குமுன் பார்களை ஆராய்வார்கள். சிப்பி முற்றியிருக்கிறதா என்று மாதிரி எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். கடைசியாகக் குளிப்பு நடந்தது 1961-இல். சிப்பிக்குக் காட்டிய அந்தப் பொறுமையை நம் பிள்ளைக்கும் காட்ட வேண்டாமா?

நீட் தேர்வும் ஜே.இ.இ. தேர்வும் 11, 12 இரண்டு வகுப்புப் பாடத்தையும் கேட்கின்றன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேரே பன்னிரண்டுக்குத் தாவும் பழக்கம் எங்கே இருந்தாலும், பெற்றோர் கூடிப் போய்ப் பணிவாகப் பேசுங்கள். அடித்தளம் இல்லாமல் மாடி நிற்காது.

மருத்துவம்: எத்தனை முறை முயல்வது?

கட்-ஆஃப் பேச்சில் நீட் தேர்வைத் தவிர்க்க முடியாது. 2017-இல் சுமார் 11 லட்சம் பேர் பதிவு செய்த தேர்வுக்கு 2024-இல் 24 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். 2014-இல் நாட்டில் சுமார் 51 ஆயிரமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்தாண்டில் இருமடங்கைத் தாண்டிவிட்டன. இடம் கூடியும் நெரிசல் குறையவில்லை. மதிப்பெண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 720-க்கு 720 எடுத்தவர்கள் 2023-இல் 2 பேர், 2024-இல் இறுதிப் பட்டியலின்படி 17 பேர், 2025-இல் ஒருவரும் இல்லை. அந்த ஆண்டு முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686. இங்கும் பார்க்க வேண்டியது தரவரிசையைத்தான்.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நீட் வருவதற்கு முந்தைய 2016-17-இல் மறுமுயற்சி மாணவர்களின் பங்கு சுமார் 12 சதவீதம். 2020-21-இல் அது 71 சதவீதமாகிவிட்டது. ஓராண்டு, ஈராண்டு வீட்டில் இருந்து பயிற்சிக் கட்டணம் கட்ட வசதி உள்ளவர்களுக்கு இந்த வரிசை சாதகமாக இருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஒரு முறை மறுமுயற்சி செய்வதில் தவறில்லை. ஆனால் இடத்துக்கு எட்டும் தூரத்தில் மதிப்பெண் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். மூன்றாவது, நான்காவது முறைக்காக லாத்தாவின் நகையை அடகு வைப்பதும், தம்பியின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்துவதும் ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளைகளைக் கைவிடுவதாகும். அந்தப் பிள்ளையின் மனமும் நொறுங்குகிறது. சாப்பாடும் தூக்கமும் குறைந்து பேச்சற்றுப் போகும் பிள்ளையைக் கண்டால் மதிப்பெண் பேச்சை நிறுத்திவிட்டு அருகில் உட்காருங்கள். 104 என்ற அரசு எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

விருப்பப் பட்டியல்

கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. அதில் கல்லூரி, பிரிவு விருப்பங்களை வரிசையாகப் பதிய வேண்டும். கணினி நம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, நம் தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தை ஒதுக்குகிறது. ஆகவே கிடைக்காது என்று நினைக்கும் இடத்தை மேலே போட்டால் எதையும் இழக்கமாட்டோம். பயந்து அதைக் கீழே போட்டால்தான் இழப்போம். மனத்துக்குப் பிடித்த வரிசையிலேயே பதியுங்கள். பட்டியலை நீளமாகவும் வையுங்கள். ஐந்தாறு இடத்தோடு நிறுத்தினால் அவை நிரம்பிவிட்ட பின் அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும்.

கிண்டி கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரி நம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. அதற்கு மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு பொருத்தமான வழி. கடலைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் கடல் சார்ந்த படிப்பின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் இருக்கலாமா?

பெண் பிள்ளைகளைப் பற்றி

நல்ல தரவரிசை எடுத்த பெண் பிள்ளைக்கு கிண்டியோ குரோம்பேட்டையோ கிடைத்தும், “அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?” என்று விட்டுவிடும் வீடுகள் நம்மிடம் உண்டு. பெற்றோரின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. வளாகத்துக்குள்ளேயே மாணவியர் விடுதி இருக்கிறது. அங்கே படிக்கும் நம் சமுதாயப் பிள்ளைகளோடு பேச ஏற்பாடு செய்கிறோம். உம்மாவும் வாப்பாவும் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த இடத்துக்கு அவள் ஏழெட்டு வருடம் உழைத்திருக்கிறாள். அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தாலும் அவளையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்.

உதவியின் காலம்

நம் பக்கத்துக் கரையான இராமேஸ்வரத்துப் பிள்ளை ஏ.பி.ஜே. அப்துல் கலாம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். பட்டம் முடித்த பிறகும் பாதை திரும்பலாம் என்பதற்கு அவரே சாட்சி. சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஸொஹ்ரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

அன்று இடம் கிடைத்த பிறகு பணம் தேடினார்கள். இன்று நிலைமை தலைகீழ். கிண்டியில் இடம் கிடைத்துவிட்டால் அரசுக் கட்டணம், முதல் பட்டதாரிச் சலுகை, உதவித்தொகை என்று வழி பிறந்துவிடுகிறது. இடம் கிடைப்பதற்கு முன்னால்தான் பணமும் உழைப்பும் தேவை. ஆனால் நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வருவது ஜூன் மாதத்தில், நன்கொடை கேட்பதும் அப்போதுதான்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். கல்வி நிதியில் ஒரு நிலையான பங்கை 9, 10, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் கணித, அறிவியல் மாலை வகுப்புக்கு ஒதுக்குவோம். பத்தாம் வகுப்பில் ஒரு சான்றிதழ் முகாம் நடத்துவோம். நீட் மறுமுயற்சிக்கான உதவியை ஒரே முறையோடு, மதிப்பெண்ணைப் பார்த்து, நிறுத்திக்கொள்வோம். விடுதியோடு ஒரு பிள்ளைக்கு ஓராண்டுப் பயிற்சிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதே தொகை ஒரு மாலை வகுப்பின் ஆசிரியர் ஊதியத்துக்குப் பல மாதம் வரும். மறுமுயற்சிக்கு உதவி கேட்டு வருபவரின் முகம் நமக்குத் தெரியும், அவரிடம் மறுப்பது கடினம். மாலை வகுப்பில் உட்காரப் போகும் பிள்ளைகளின் முகம் இன்னும் நமக்குத் தெரியாது. அமானிதப் பணத்தைக் கையாள்பவர்கள் முகம் தெரியாதவர்களின் உரிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜமாஅத்தார் தங்கள் கருத்தை எழுத்தில் தாருங்கள்.

வீட்டில் கூடிப் பேச

1. நம் பிள்ளை எந்த வகுப்பு? பதினொன்றாம் வகுப்பில் அவன் எடுக்கும் குரூப் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும்?

2. கணிதத்தில் எந்த வகுப்பிலிருந்து தடுமாறுகிறான்? அந்த வகுப்புப் பாடத்தைத் திரும்பப் படிக்க யார் உதவுவார்?

3. நம் பிள்ளையின் பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியார் பள்ளியா? எந்தச் சலுகை அவனுக்கு உண்டு, எது இல்லை?

4. எல்லா ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? மாநிலத்துக்கு ஒன்றும் மத்திய அரசுக்கு ஒன்றுமாக இரண்டு சான்றிதழும் யார் பொறுப்பில் வாங்குவது?

5. விரும்பிய இடம் கிடைக்காவிட்டால் மனநிறைவோடு போகக்கூடிய இரண்டாவது, மூன்றாவது இடம் எது? அதைப் பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டு பிள்ளையோடு அலுவலகத்துக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு வருபவர்களுக்கு முதலில் நேரம் ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்